சயின்ஸ் பிக்‌ஷன் தொடர்களை வரிசைப்படுத்துவது எப்படி: தடைக்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

சிறந்த சயின்ஸ் பிக்‌ஷன் தொடர் எது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். ஏன் என்று அடுத்துக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது, "செமையா இருக்கும், பாருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பட்டியல் போடுவது என்பது அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தயார் செய்கிற வேலைதான். அது முடிந்துவிட்டால் பெயர்களை மேலும் கீழுமாக அடுக்க அதிக நேரம் ஆகாது.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருக்கிற எங்களுக்கு இதற்கென்றே ஒரு காலம் அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பகலில் படகுக்குப் பெயின்ட், எஞ்சின் வேலை, வலை வேலை என்று போய்விடும். ராத்திரி எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மொத்தம் 122 மணி நேரம். இதை வைத்து என்னென்ன பார்க்கலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தி எக்ஸ்பான்ஸ் 62 எபிசோடு, சுமார் 47 மணி நேரம். டார்க் 26 எபிசோடு, சுமார் 24 மணி நேரம். ஃபயர்ஃபிளை 14 எபிசோடுதான், 10, 11 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆண்டோர் 24 எபிசோடு, அது ஒரு 18 மணி நேரம். ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் 178 எபிசோடு, அதை முழுதாகப் பார்க்க இன்னொரு தடைக்காலமே வேண்டும், அதனால் 20 எபிசோடு தேர்ந்தெடுத்தால் 15 மணி நேரம். மிச்ச நேரத்துக்கு தி ட்விலைட் ஸோன் அரை மணி நேரக் கதைகள் ஒரு பதினைந்து, இருபது. இவ்வளவும் ஒரு சீசனுக்குள் அடங்குகிறது. ராத்திரியில் நெட் இழுக்கும், பகலிலேயே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து அளப்பது

பத்துக்கு எத்தனை மார்க் என்று உடனே ஆரம்பித்துவிடாதீர்கள். நடிப்புக்கு இத்தனை, கிராபிக்ஸுக்கு இத்தனை, இசைக்கு இத்தனை என்று பிரித்துக் கூட்டினால் எல்லாத் தொடரும் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்து நிற்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் இரண்டே கேள்வி வைத்திருக்கிறேன். சயின்ஸ் பிக்‌ஷன் தொடர் எதுவாக இருந்தாலும் நம் உலகத்தில் இல்லாத ஒரு விதியைக் கொண்டுவந்து வைக்கும். காலத்தில் பின்னால் போகலாம், வேலை செய்யும்போது உள்ள நினைவையும் வீட்டில் உள்ள நினைவையும் வெட்டிப் பிரிக்கலாம், மனிதன் செய்த இயந்திரம் மனிதனைப் போலவே நடமாடலாம், இப்படி ஏதோ ஒன்று. முதல் கேள்வி, தான் வைத்த விதிக்குக் கடைசி எபிசோடு வரை அந்தத் தொடர் கட்டுப்படுகிறதா? இரண்டாவது கேள்வி, அந்த விதியால் சாதாரண ஆளின் சாப்பாட்டில், தண்ணீரில், தூக்கத்தில், கூலியில் என்ன மாறியது என்று காட்டுகிறதா?

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். தி எக்ஸ்பான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் செவ்வாயிலும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள்களிலும் குடியேறிவிட்டார்கள். கதை எங்கே தொடங்குகிறது? சனிக் கோளின் வளையத்தில் இருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு சீரிஸ் என்கிற இடத்துக்கு வருகிற ஒரு பழைய சரக்குக் கப்பலில் தொடங்குகிறது. அங்கே உள்ளவர்கள் குடிக்க அந்த ஐஸ்தான் தண்ணீர். அது வராவிட்டால் ரேஷன், கலவரம். விசைப்படகு டிரைவரான என் சித்தப்பா முதல் எபிசோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாம ஐஸ் ஏத்திக்கிட்டு மீன் பிடிக்கப் போறோம், இவிய்ங்க ஐஸையே அள்ளிக்கிட்டு வாறாய்ங்களேப்பா." அதற்கு மேல் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாவட்டம் இது. கடல்நீரைக் குடிநீராக்க நரிப்பையூரில் ஆலை போட்ட மாவட்டம். காற்றுக்கும் தண்ணீருக்கும் யாரோ தூரத்தில் இருக்கிறவன் விலை வைக்கிறான் என்று ஒரு தொடர் சொன்னால், அது எங்கள் ஊர்க் கதையாகவே காதில் விழுகிறது.

அதே தொடர் முதல் கேள்வியிலும் நின்று காட்டுகிறது. அங்கே கப்பலுக்குள் செயற்கை ஈர்ப்புவிசைக்கு மாயப் பெட்டி எதுவும் கிடையாது. எஞ்சின் தள்ளும்போது மட்டும்தான் கால் தரையில் நிற்கும், அதனால் கப்பலின் தளங்கள் மாடி மேல் மாடியாக எஞ்சினுக்கு மேலே அடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நின்றால் மிதக்க வேண்டியதுதான். பாதி வழியில் கப்பலைத் திருப்பிப் போட்டு, எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைத்துத்தான் போய்ச் சேர முடியும். குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளர்ந்த சிறுகோள் ஜனங்களின் எலும்பு நீண்டு மெலிந்துவிடும், அவர்களால் பூமியில் நிற்கவே முடியாது. விண்வெளி உடைக்குள் இருந்து வேலை பார்த்த காலத்தில் கையசைத்துப் பேசிப் பழகியதால் சாதாரணப் பேச்சிலும் அவர்களுக்குக் கை ஆடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் முன்பக்கம் நிற்பவனுக்கும் டிரைவருக்கும் கைதான் பேச்சு என்பது படகில் போனவர்களுக்குத் தெரியும், அதனால் இந்த விவரம் எங்கள் கூட்டத்தில் சட்டென்று பிடிபட்டது. இப்படி ஒரு விதி உடம்பு வரைக்கும், பேச்சு வரைக்கும் இறங்கியிருந்தால் தாராளமாக மேலே தூக்கி வையுங்கள்.

நோட்டில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, விதி என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் எழுத முடியவில்லை என்றால் தொடரில் கோளாறு இருக்கலாம், அல்லது நீங்கள் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கலாம். கீழே, அந்த விதி எந்த எபிசோடில் வளைந்தது, யாருக்கு அதனால் என்ன நஷ்டம் என்று பார்க்கப் பார்க்கக் குறித்து வாருங்கள். இந்த நோட்டு இல்லாமல் கடைசியில் உட்கார்ந்தால் நினைவில் நிற்பது கடைசியாகப் பார்த்த தொடர் மட்டும்தான், அதுவே முதலிடத்துக்குப் போய்விடும்.

பட்டியலுக்குள் யார் வரலாம்

சயின்ஸ் பிக்‌ஷனா, மாயாஜாலமா என்ற சண்டை கண்டிப்பாக வரும். நான் தாராளமாக இருப்பேன்: தொடரே தன் அதிசயத்துக்கு ஒரு காரணம் சொல்லி, அந்தக் காரணத்தைப் பாத்திரங்கள் தேடவும் சோதிக்கவும் செய்தால் உள்ளே சேர்த்துவிடலாம். "அது அப்படித்தான், கேட்காதே" என்றால் வேண்டாம். அந்தக் கணக்கில் தி எக்ஸ்-ஃபைல்ஸ் உள்ளே வரும், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸும் வரும். ஆண்டோர் கொஞ்சம் சிக்கல், அங்கே கப்பலும் வேற்றுக் கிரகமும் இருக்கின்றனவே தவிர அறிவியல் கேள்வி மெலிசு. ஆனாலும் ஒரு அடக்குமுறை ஆட்சியில் சின்ன ஆட்கள் எப்படி நசுங்குகிறார்கள் என்று அது காட்டுகிற அளவுக்கு வேறு விண்வெளித் தொடர் காட்டியதில்லை. வெளியே தள்ள எனக்கு மனம் வராது.

நம் பக்கத்துத் தொடர்களையும் மறக்க வேண்டாம். 1998-ல் தூர்தர்ஷனில் மிலிந்த் சோமன் நடித்து கேப்டன் வியோம் என்று ஒரு இந்தித் தொடர் வந்தது. அதற்கும் முன்னால் தமிழில் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" தூர்தர்ஷனில் தொடராக வந்தது, ஜீனோ என்கிற இயந்திர நாய் அதில்தான். ஒரு சர்வாதிகார நாடு, பிறப்பதற்கும் இறப்பதற்கும் அரசாங்கம் கணக்கு வைத்திருப்பது, அதில் ஒரு நாய் பொம்மைக்கு மெல்ல மெல்ல சொந்தப் புத்தி வருவது என்று அந்தக் கதையின் விதி நல்ல உறுதியானது. வீட்டில் நாற்பது தாண்டியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், ஜீனோ என்றதும் முகம் மாறும். பார்க்கக் கிடைக்காததை மற்றவற்றோடு சேர்த்து வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை என்பதால், நினைவில் இருப்பவற்றை நான் தனிப் பக்கத்தில் வைக்கிறேன். டாக்டர் ஹூவுக்கும் இதே பிரச்சினை உண்டு. 1963-ல் ஆரம்பித்த தொடர், ஆனால் அறுபதுகளின் எபிசோடுகள் பலவற்றை பிபிசியே டேப்பில் இருந்து அழித்துவிட்டது. அதனால் 2005-க்குப் பிறகு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

பிறகு, வகை பிரிப்பது. ஒரே கதை பல சீசன் ஓடுவது ஒரு வகை. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக இருப்பது, தி ட்விலைட் ஸோன், பிளாக் மிரர் மாதிரி, வேறு வகை. அதே ஆட்கள், ஆனால் வாரம் ஒரு கதை என்று போகிற ஸ்டார் ட்ரெக், டாக்டர் ஹூ மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே வரிசையில் போட்டால் தனிக்கதைத் தொடர்தான் அடி வாங்கும், ஏனென்றால் அதில் நாலு கதை சுமார் என்றால் மொத்தமும் சுமார் என்று முத்திரை விழுந்துவிடும். மூன்று பட்டியலாகப் போடுங்கள். கடைசியில் ஆசை இருந்தால் மூன்றின் முதலிடத்தையும் மோதவிடுங்கள்.

எவ்வளவு பார்த்துவிட்டுப் பேசலாம்

இதில் ரொம்பப் பேர் அவசரப்படுகிறார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 1987-ல் தொடங்கியது, முதல் சீசன் தடுமாறும், மூன்றாவது சீசனில் இருந்துதான் நிமிர்ந்து நிற்கும். முதல் நாலு எபிசோடு பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னால் அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அதனால் நீளமான பழைய தொடர்களுக்குத் தேர்ந்தெடுத்த எபிசோடுகளை வைத்துப் பேசலாம், ஆனால் எல்லாருமே அதே எபிசோடுகளைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கட்டாயம் வேண்டியவை இரண்டு. ஒன்று இரண்டாவது சீசனில் வருகிற "தி மெஷர் ஆஃப் எ மேன்": டேட்டா என்கிற இயந்திர மனிதன் கப்பல் படையின் சொத்தா, அல்லது தன்னைக் கழற்றிப் பார்க்கக் கூடாது என்று மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா என்று வழக்கு நடக்கும். மற்றது 1992-ல் வந்த "தி இன்னர் லைட்": கேப்டன் பிகார்ட் மயங்கிக் கிடக்கிற இருபத்தைந்து நிமிடத்துக்குள், மழை பொய்த்துப்போன ஒரு கிரகத்தில் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரன் பார்த்து, ஒரு முழு ஆயுளை வாழ்ந்துவிடுகிறார். அவர் அங்கே தோட்டத்து மண்ணை எடுத்துச் சோதித்துப் பார்க்கிற காட்சிகளை மானாவாரி வெள்ளாமை பார்த்த வீட்டில் யாரும் சாதாரணமாகப் பார்க்க மாட்டார்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியில் "நீ சும்மா இரு, எனக்குப் புரியுது" என்றார்.

பார்க்கிற வரிசையையும் கவனியுங்கள். ஃபயர்ஃபிளை 2002-ல் வந்தபோது ஃபாக்ஸ் சேனல் எபிசோடுகளை மாற்றிப் போட்டது. இரண்டு மணி நேர முதல் கதை கடைசியில்தான் ஒளிபரப்பானது. எடுத்த 14-ல் 11 மட்டும்தான் அப்போது வந்தது. இப்போது பார்க்கிறவர்கள் "செரெனிட்டி" என்ற முதல் எபிசோடில் இருந்து, எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் பாருங்கள். அதே பெயரில் 2005-ல் வந்த படம் வேறு, அது தொடருக்குப் பிறகு நடக்கிற கதை, குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளாக் மிரரை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது முதல் எபிசோடில் இருந்து தொடங்க வேண்டாம், குடும்பத்தோடு பார்க்கிற கதை இல்லை அது. தனிக்கதைத் தொடர்தானே, வேறு எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். இறந்துபோன காதலன் எழுதி வைத்ததையும் பேசியதையும் வைத்து அவனைப் போலவே பேசுகிற ஒன்றை வாங்குகிற பெண்ணின் கதை, "பி ரைட் பேக்", அங்கிருந்து தொடங்கலாம். அது 2013-லேயே வந்துவிட்டது என்பதை இப்போது பார்க்கிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரே ஒரு விதி. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் போலத் தமிழ்க் குரலில் கிடைப்பதைத் தமிழிலேயே பார்க்கலாம், தப்பே இல்லை. ஆனால் நடிப்பை மதிப்பிடும்போது மூலக் குரலில் ஒரு எபிசோடாவது கேட்டுவிடுங்கள். டார்க் ஜெர்மன் தொடர், அதை ஆங்கிலக் குரலில் பார்த்தால் பாதி உயிர் போய்விடும். சப்டைட்டிலோடு ஜெர்மனிலேயே பாருங்கள்.

பழைய தொடர்களுக்கு அந்தக் காலத்துக் காசையும் கருவியையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். 1914-ல் கட்டிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள், 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் மோட்டார் அதைச் செங்குத்தாகத் தூக்குகிறது. அதற்காகப் பழைய பாலத்தை மட்டமான வேலை என்று இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். 1966-ல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கில் வாராவாரம் ஒரு கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் காசு இல்லை, அதனால்தான் ஆட்களை ஒளியாகக் கரைத்து இறக்குகிற யோசனையே பிறந்தது. இப்படிக் காசில்லாத இடத்தில் ஒரு யோசனை பிறந்து, அது அடுத்த அறுபது வருடம் எல்லாரும் எடுத்துக்கொள்கிற யோசனையாக ஆனால், அட்டைப் பாறையையும் பிளாஸ்டிக் கதவையும் குறையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு இரண்டாக நிறுத்துங்கள்

சரி, பார்த்தாயிற்று, நோட்டு நிறைந்துவிட்டது. இப்போது மார்க் போடாமல் இரண்டு தொடரை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் இரண்டு கேள்விக்கும் எது மேல் என்று கேளுங்கள். "எட்டரையா, எட்டே முக்காலா" என்று மனம் தடுமாறும், "இதுவா, அதுவா" என்றால் உடனே பதில் வரும். பத்துத் தொடர் இருந்தால் எல்லா ஜோடியும் 45 ஆகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். முதலில் இரண்டை வரிசையாக்குங்கள். மூன்றாவதை நடுவில் நுழையுங்கள். வரிசை நீளமானதும் புதிதாக வருவதை நட்டநடுவில் இருப்பதோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் மேல் பாதியின் நடுவோடு, தோற்றால் கீழ்ப் பாதியின் நடுவோடு. 15 தொடர் கொண்ட வரிசையில் புதிய தொடர் ஒன்றுக்கு இடம் கண்டுபிடிக்க இப்படி நாலு ஒப்பீடு போதும்.

தனியாகச் செய்தால் இவ்வளவுதான். கூட்டமாகச் செய்தால் வேறு சிக்கல் வரும். மூன்று பேர், மூன்று தொடர். ஒருவர் எக்ஸ்பான்ஸ், டார்க், ஃபயர்ஃபிளை என்கிறார். இன்னொருவர் டார்க், ஃபயர்ஃபிளை, எக்ஸ்பான்ஸ் என்கிறார். மூன்றாமவர் ஃபயர்ஃபிளை, எக்ஸ்பான்ஸ், டார்க். இப்போது எண்ணிப் பாருங்கள்: எக்ஸ்பான்ஸ் டார்க்கை இரண்டுக்கு ஒன்றில் ஜெயிக்கிறது, டார்க் ஃபயர்ஃபிளையை ஜெயிக்கிறது, ஃபயர்ஃபிளை எக்ஸ்பான்ஸையே ஜெயிக்கிறது. ஒவ்வொருவரும் ஒழுங்காகத்தான் வரிசை சொன்னார்கள், கூட்டினால் சுற்றிச் சுற்றி வருகிறது. இதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் கோந்தோர்சே என்பவர் கண்டு எழுதிவிட்டார். அதே காலத்தில் பிரெஞ்சுக் கடற்படைக்காரரான போர்தா எளிய வழி ஒன்றைச் சொன்னார்: எட்டுத் தொடர் என்றால் முதலிடத்துக்கு 8 புள்ளி, அடுத்ததற்கு 7, இப்படிக் கடைசிக்கு 1, எல்லாருடைய புள்ளியையும் கூட்டு. நாங்கள் அதைத்தான் செய்கிறோம். மேலே சொன்ன மூவர் கணக்கில் அதுவும் சமமாகத்தான் வரும். அப்போது நோட்டைத் திறந்து, விதி குறைவாக வளைந்த தொடருக்கு முன்னிடம் கொடுக்க வேண்டும், அதை ஆரம்பத்திலேயே எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஓட்டைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், வாயால் கேட்காதீர்கள். பெரியவர் ஒருத்தர் முதலில் பேசிவிட்டால் அப்புறம் சின்னப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற என் அக்கா மகன் சீட்டில் பேபிலான் 5-ஐ இரண்டாவதாக எழுதியிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு, "மாமா, அதுல முதல் சீசன்ல சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு மூணாவது சீசன்ல பதில் வருது, நீங்கதானே விதி மாறக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றான். வாயால் கேட்டிருந்தால் இந்தப் பதில் வெளியே வந்திருக்காது.

என் வரிசை

தொடர்கதை வகையில் எக்ஸ்பான்ஸ் முதலிடம், காரணம் மேலேயே சொல்லியாயிற்று. குறை இல்லாமல் இல்லை. மூன்று சீசனோடு சைஃபை சேனல் நிறுத்தி, 2018-ல் அமேசான் எடுத்து இன்னும் மூன்று சீசன் செய்தது. ஆறாவது சீசன் சின்னது, முடிவில் சில நூல்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டியும் முதலிடம்தான்.

இரண்டாவது டார்க். 2017-ல் இருந்து 2020 வரை மூன்றே சீசன், முடிவை மனதில் வைத்துக்கொண்டே எழுதியது என்று ஒவ்வொரு எபிசோடிலும் தெரியும். 33 வருடச் சுழற்சி, நாலு குடும்பம், ஒரு அணுமின் நிலையம், ஒரு குகை. யார் யாருக்கு என்ன முறை என்று நோட்டில் எழுதிக்கொண்டே பாருங்கள், கண்டிப்பாக எழுதுங்கள். கல்யாண வீட்டில் உறவுமுறை பிரித்துச் சொல்கிற அத்தைகள் இந்தத் தொடரில் எங்களை எல்லாம் முந்திவிடுவார்கள்.

மூன்றாவது பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, 2004-ல் தொடங்கிய புதியது, 1978-ன் பழையது இல்லை. அதன் முதல் எபிசோடின் பெயரே "33". மனிதர்கள் உண்டாக்கிய சைலான் இயந்திரங்கள் மனித உலகங்களை அழித்துவிட, தப்பிய கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுகிறான், நாள்கணக்கில் யாருக்கும் தூக்கம் இல்லை. அங்கே ஒரு பலகையில் மிச்சம் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்திருப்பார்கள், ஆள் இறக்க இறக்க ஜனாதிபதியான ரோஸ்லின் அம்மா அழித்து அழித்து எழுதுவார். 1964 டிசம்பர் புயலைப் பற்றி எங்கள் பாட்டிமார் பேசும்போதெல்லாம் யார் வந்து சேர்ந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கில்தான் ஆரம்பிப்பார்கள். தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலோடு போனவர்களை இன்றைக்கும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அந்த எபிசோடு முடிகிறபோது பலகையில் எண்ணிக்கை ஒன்று கூடும், ஒரு குழந்தை பிறந்திருக்கும். அந்த ஒரு எபிசோடுக்காகவே முதலிடம் கொடுத்திருப்பேன், ஆனால் 2009-ல் வந்த முடிவு, அதுவரை கேட்ட பெரிய கேள்விகளுக்குத் தெய்வச் செயலைப் பதிலாக வைத்துவிடுகிறது. முதல் கேள்வியில் மதிப்பு குறைகிறது.

நாலாவது பேபிலான் 5. ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு, 110 எபிசோடில் 92-ஐ மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். ஐந்தாவது சீசன் கிடைக்காதோ என்ற நிலையில் நாலாவதில் கதையை நெருக்கிவிட்டதால் ஐந்தாவது தளர்ந்துபோனது. அடுத்து ஆண்டோர், அதற்கு அடுத்து ஃபயர்ஃபிளை. ஃபயர்ஃபிளையின் ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் 14 எபிசோடில் விதியைச் சோதிக்கவே இடம் கிடைக்கவில்லை. ஸ்ட்ரேஞ்சர் திங்ஸை அதற்குக் கீழே வைக்கிறேன். பிள்ளைகள் நடிப்பு அருமை, ஆனால் அதில் வருகிற "அப்சைட் டவுன்" என்ற தலைகீழ் உலகத்தால் எது முடியும், எது முடியாது என்பது சீசனுக்குச் சீசன் தேவைக்கு ஏற்ப நகர்கிறது.

தனிக்கதை வகையில் தி ட்விலைட் ஸோன்தான், பிளாக் மிரர் இரண்டாவது. 1959 முதல் 1964 வரை 156 எபிசோடு, அதில் ராட் செர்லிங் எழுதியதும் 92, இப்படி ஒரு ஒற்றுமை. தெருவில் திடீரென்று கரண்ட் போய், போன் போய், கார் நின்று, அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகப்படத் தொடங்குகிற "மேப்பிள் ஸ்ட்ரீட்" கதை 1960-ல் வந்தது. அதில் கருவி என்று எதுவுமே பெரிதாகக் கிடையாது, மனிதர்கள் மட்டும்தான். பிளாக் மிரரில் நல்ல கதைகள் ரொம்ப நல்லவை, ஆனால் பாத்திரம் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று காட்டுவதிலேயே சில கதை நின்றுவிடுகிறது. வாராந்திர வகையில் நெக்ஸ்ட் ஜெனரேஷன் முதல், டாக்டர் ஹூ அடுத்தது. டாக்டர் ஹூவில் விதி வாரத்துக்கு வாரம் இளகும், ஆனாலும் நாம் கண் சிமிட்டினால் நகர்ந்து வருகிற சிலைகளின் கதை, 2007-ல் வந்த "பிளிங்க்", தன் விதியை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கும்.

தொடர்கதை வகையில் இன்னும் கதை முடியாத தொடர்களுக்கு நான் இடம் கொடுப்பதில்லை, பென்சிலால் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். செவரன்ஸ் அப்படி ஓரத்தில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் இருக்கிற ஆளுக்கு வீடு தெரியாது, வீட்டில் இருக்கிற ஆளுக்கு அலுவலகம் தெரியாது என்ற அதன் விதி இதுவரை கெட்டியாக நிற்கிறது, முதல் சீசன் ஒன்பது எபிசோடும் ஒரே மூச்சில் பார்க்க வைத்தது. 1969-ல் நிலவில் முதலில் கால் வைத்தது ரஷ்யர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிற ஃபார் ஆல் மேன்கைண்ட், ஓரத்தில் செவரன்ஸுக்குக் கீழே.

இந்தத் தடைக்காலத்தில் பேட்டில்ஸ்டாரை எடுக்கிறவர்களுக்கு ஒன்று. "33" எபிசோடுக்கு முன்னால் 2003 டிசம்பரில் வந்த மூன்று மணி நேர மினி சீரிஸ் ஒன்று உண்டு, பல இடத்தில் அது தொடரோடு சேர்ந்து இருக்காது, தனியாகத் தேட வேண்டும். அதைப் பார்க்காமல் "33"-க்குப் போனால் அந்தப் பலகையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நோட்டில் விதியை எழுதுவதையும் மினி சீரிஸிலேயே தொடங்கிவிடுங்கள், முதல் அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.